மேலேயிருந்து எடுத்த மாப்பிள்ளைப் படம்

நொச்சிகுளத்துக்காரர்கள் யோசிக்காமல் ஒரு காரியமும் செய்ய மாட்டார்கள். வம்பெல்லாம் அதில்தான் வரும்.

மூன்று நாளாகப் பொழுது சாய்ந்ததும் வானத்தில் வெளிச்சப் புள்ளிகள் வரிசையாகப் போயின. ஊரே அரண்டுபோய்ப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்தது.

"பயப்படாதீங்க. அதெல்லாம் செயற்கைக்கோள். பூமியைச் சுத்தி வருது, சூரிய வெளிச்சம் பட்டு மின்னுது. அதுல சிலது மேல இருந்தே ஊரையெல்லாம் படம் புடிக்கும்," என்றார் வாத்தியார்.

ஊருக்குப் பயம் போனது. பொன்னுலிங்கத்துக்கு மட்டும் 'படம் புடிக்கும்' என்றதுதான் காதில் விழுந்தது. முப்பத்தெட்டு வயதில் இப்போதுதான் முதல்முறையாக ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. போட்டோ பார்த்தால்தான் பேச்சித்தாய் சம்மதம் சொல்வாளாம். அதை வாங்கிப்போக அவள் அப்பா சங்கரபாண்டி அன்று மாலையே வருகிறார். பாவம், பொன்னுலிங்கத்திடம் பேருக்குக்கூட ஒரு போட்டோ கிடையாது.

"ஓசியிலேயே எடுத்துரலாம்லே," என்றார் தளவாய். ஊருக்கு மூளை அவர்தான். "ஆனா மேல இருந்து எடுத்தா உச்சந்தலைதான தெரியும்?"

நியாயமான கேள்வி. அரைமணி நேரம் பேசி, ஆளை மல்லாக்கப் படுக்க வைப்பது என்று முடிவானது.

புது வேட்டி கட்டி, மாலை போட்டு, வீட்டு வாசலில் பெஞ்சில் கிடத்தினார்கள். கால் விலகினால் லட்சணமாக இருக்காதென்று இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டினார்கள். வாய் பிளந்துகொண்டது, அதனால் தாடையைச் சுற்றி ஒரு துணி. முகம் இருட்டடித்துவிடக் கூடாதே என்று தலைமாட்டில் ஒரு விளக்கு.

"மூச்சு விட்டாலும் படம் ஆடிரும். பாத்துக்கோ," என்றார் தளவாய். கண் சிமிட்டிவிடுவோமோ என்று பயந்து பொன்னுலிங்கம் கண்ணையும் மூடிக்கொண்டான்.

பஸ்ஸை விட்டிறங்கி வந்த சங்கரபாண்டி இதைப் பார்த்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, பெஞ்சின்மேல் குனிந்து கதறினார். "ஒரு போட்டோ கேட்டது குத்தமா மாப்ளே? அதுக்குள்ள இப்படிப் போயிட்டீரே."

அந்த நேரம் பார்த்து, "வருது, வருது" என்றது கூட்டம்.

பொன்னுலிங்கம் பல்லைக் கடித்தபடியே சொன்னான்: "மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்குது."

சங்கரபாண்டி எடுத்த ஓட்டத்தில் செருப்பு இரண்டும் அங்கேயே கிடந்தன. இருந்த ஒரு சம்பந்தமும் போச்சே என்று பொன்னுலிங்கம் விடியவிடிய அழுதான்.

காலையில் பெண்வீட்டிலிருந்து ஆள் வந்தது.

"பேச்சித்தாய்க்குப் பூரண சம்மதம். உசுரு போன பொறவும் மாமான்னு மரியாதையாப் பேசுத பிள்ளை வேற எங்க கிடைக்கும்னு கேக்கா. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், உடனே பூ வச்சிரலாம்னு சொல்லிவிட்டாங்க."

ஊர் கூடி யோசித்தது. துக்கம் கழியாமல் நல்ல காரியம் பேசுவது முறையில்லைதான் என்று தளவாயும் ஒப்புக்கொண்டார்.

பொன்னுலிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் பந்தலுக்குச் சொல்லிவிட்டு, தன் காரியத்துக்குத் தானே வீடுவீடாகப் போய், "குடும்பத்தோட வந்துரணும்" என்று சொல்லிவிட்டு வந்தான்.