செலவில்லாத குளம்

முன்னொரு காலத்தில், அரசர் காலையில் ஆசைப்பட்டால் மாலைக்குள் அது சட்டமாகிவிடும் ஒரு தேசத்தில், அந்த அரசருக்கு அன்னப்பறவைகள் மேல் ஆசை வந்தது. அன்னம் வளர்க்கக் குளம் வேண்டும். அதுவும் வசந்த மண்டபத்துக்கு எதிரே, நாற்புறமும் படித்துறையோடு, ஆவணிக் கடைசியில் வரும் தம் பிறந்தநாளுக்குள் வேண்டும் என்றார்.

"எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டார்.

பிரதானி தாண்டவராயர் எழுந்து கைகட்டி நின்றார். "ஒரு காசு செலவில்லை, மகாராஜா. ஊருக்குப் பத்துப் பேர் வெட்டிக்கு வரவேண்டும் என்று ஓலை போனால் போதும். முந்நூறு பேர் திரண்டுவிடுவார்கள்."

வெட்டி என்றால் கூலியில்லாத ஊழியம். கூப்பிட்டால் போயே ஆகவேண்டும். கட்டுச்சோறும் அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும்.

"செலவில்லாத குளம்!" என்று அரசர் பூரித்துப்போனார். மறுநாளே முந்நூறு மண்வெட்டிகள் விழத் தொடங்கின.

அந்தச் சபையில் ஆவுடையான் என்றொரு விகடகவி இருந்தான். அரசரைச் சிரிக்கவைப்பது அவன் உத்தியோகம். சிம்மாசனத்துக்குப் பக்கத்திலேயே அவனுக்கு ஆசனம் போட்டிருந்தது தாண்டவராயரின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

குளவேலை தொடங்கிப் பன்னிரண்டாம் நாள் ஆவுடையான் ஒரு காரியமாக ஆற்றங்கரை வழியே போனான். வாய்க்காலில் தண்ணீர் புரண்டு ஓடியது. ஆனால் நடவு நேரத்தில் ஒரு வயலிலும் ஆள் இல்லை. ஒரே ஒருத்தி நாற்றங்கால் வரப்பில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். பூவாத்தா என்று பெயர்.

"என்னம்மா, நடவுக்கு யாரும் வரலையா?" என்று கேட்டான்.

"வர்றதுக்கு ஆள் எங்க இருக்கு? வீட்டுக்காரரும் கொழுந்தனும் ராசாவுக்குக் குளம் வெட்டப் போயிருக்காங்க. ஏர் பூட்ட ஆளில்ல, சேறடிக்க ஆளில்ல." ஒரு பிடி நாற்றைப் பிடுங்கி அவன் காலடியில் வீசினாள். "பாருங்க, நாத்து முத்திக் கணு வச்சிடுச்சு. இனிமே இத நட்டாலும் தூர் கட்டாது, நெல்லு வெளையாது. நீங்க அரண்மனையில ராசாவச் சிரிக்க வைக்கிறவருதானே? பன்னெண்டு நாளா அங்க என்ன வேடிக்கை சொல்லிக்கிட்டிருந்தீங்க?"

ஆவுடையானுக்குச் சுருக்கென்றது. மூன்று நாளைக்கு முன்புதான் அந்தக் குளத்தை வைத்தே ஒரு வேடிக்கை சொல்லி, அரசர் கையால் வெற்றிலை வாங்கியிருந்தான். முதலில் தன் மேல் கோபம் வந்தது. நடக்க நடக்க அது மற்றவர்கள் மேலும் பரவி, அரண்மனை வாசலை மிதிக்கும்போது காதுமடலெல்லாம் சுட்டது.

நேரே சபைக்குப் போனான். "மகாராஜா, தங்கள் குளத்துக்குச் செலவில்லை என்றவன் பொய் சொன்னான். இந்த நாட்டின் நடவு முழுவதையும் அந்தக் குழியில் கொட்டிக்கொண்டிருக்கிறோம்!"

அரசர் தொடையில் தட்டிச் சிரித்தார். "குழியில் நடவா? பேஷ், ஆவுடையா!" சபையும் சிரித்தது. ஆவுடையான் பல்லைக் கடித்தான். வாழ்நாளில் ஒருமுறை உண்மையைக் கத்திச் சொன்னால் அதற்கும் சிரிக்கிறார்களே!

சமயம் பார்த்திருந்த தாண்டவராயர் எழுந்தார். "விகடகவிக்குக் குளவேலையில் இவ்வளவு அக்கறை இருக்கிறது, மகாராஜா. மேற்பார்வையை அவரிடமே ஒப்படைக்கலாம். பிறந்தநாளுக்கு இன்னும் எட்டு நாள். ஒரு காசு செலவில்லாமல் முடிக்கட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

"ஆகட்டும்" என்றார் அரசர், வேடிக்கை பார்க்கும் ஆவலில்.

ஆவுடையான் ஒரு கணம் யோசித்தான். "சம்மதம். ஆனால் எட்டு நாளில் முடிக்க இந்த ஆட்கள் போதாது. வேறு யாரை எடுத்துக்கொள்ளட்டும்?"

"கூலி கேட்காத எவரையும் எடுத்துக்கொள்ளும். கூலி இல்லையென்றால் செலவும் இல்லை. இது தெரியாதா உமக்கு?" என்றார் தாண்டவராயர்.

"என்னைத் தவிர!" என்று சொல்லி அரசர் குலுங்கிச் சிரித்தார்.

"அப்படியே எழுதி முத்திரை வைத்துத் தரவேண்டும்" என்றான் ஆவுடையான். கிடைத்தது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அந்த ஓலையோடு மடைப்பள்ளி வாசலில் போய் நின்றான்.

"ஓய் தலைமைச் சமையற்காரரே, அரசருக்காகக் குளம் வெட்டினால் கூலி கேட்பீரோ?"

"சிவசிவா! மகாராஜா வேலைக்குக் கூலி கேட்பேனா?"

"அப்படியானால் மண்வெட்டியை எடும்."

தண்ணீர் சுமப்பவன், நாவிதன், கவரி வீசுபவர்கள், பல்லக்குத் தூக்கிகள், யானைப்பாகர், வாயிற்காவலர் என்று ஒவ்வொருவரிடமும் இதே கேள்வியைக் கேட்டான். அரசருக்குச் செய்யும் வேலைக்குக் கூலி கேட்க யாருக்குத் துணிச்சல் உண்டு? கடைசியில் தாண்டவராயர் மாளிகைக் கதவைத் தட்டினான்.

"நானா? கூலி கேட்பதா? அரசத் துரோகியா நான்?" என்று தாண்டவராயர் சீறிய பிறகுதான் ஓலையைப் படித்துப் பார்த்தார். அதில் அவர் எழுத்தே இருந்தது.

அரண்மனைக் கூட்டம் குழிக்குள் இறங்கியதும் ஆவுடையான் குடியானவர்களைப் பார்த்து, "உங்களுக்குப் பதில் ஆள் வந்தாயிற்று. ஊருக்குப் போய் நடவைப் பாருங்கள்!" என்றான். ஒருவரும் அசையவில்லை. விகடகவி ஏதோ விளையாடுகிறான் என்று நினைத்தார்கள். ஒருவர் மரியாதைக்குச் சிரித்தும் வைத்தார்.

"சிரிக்காதே ஐயா!" என்று ஆவுடையான் கத்தினான். "நாற்று முற்றுகிறது. ஓடு!"

அதற்கப்புறம்தான் ஓடினார்கள்.

அரண்மனையில் அரசர் தூங்கி எழுந்து, ஆட்களை அழைக்கக் கைதட்டினார். யாரும் வரவில்லை. முகம் கழுவத் தண்ணீர் இல்லை. மடைப்பள்ளியில் அடுப்பு குளிர்ந்து கிடந்தது. தயிர்ப்பானையைப் பூனை நக்கிக்கொண்டிருந்தது. கொட்டிலில் யானை பசியில் சங்கிலியை இழுத்துப் பிளிறியது. உச்சிப்பொழுது வரை பொறுத்துப் பார்த்த அரசர், பல்லக்கும் குடையும் இல்லாமல், கலைந்த தலையோடு வெயிலில் நடந்தே குளத்தங்கரைக்கு வந்து சேர்ந்தார்.

"எங்கே என் சமையற்காரன்?"

"குளம் வெட்டுகிறார், மகாராஜா. ஒரு காசு செலவில்லை."

"நான் பட்டினி கிடக்கிறேன், செலவில்லை என்கிறாயா!" அரசர் கொதித்தார். "இவன் தலையை வெட்டக் கூப்பிடு கொலைச்சேவகனை!"

ஆவுடையான் குழிக்குள் எட்டிப் பார்த்தான். "அதோ, மூன்றாவது வரிசையில் கூடை சுமக்கிறார். மேலே வரச் சொல்லட்டுமா? ஒரு நடை மண் குறையும்."

பெரிய மீசைக் கொலைச்சேவகன் தலையில் கூடையோடு திருதிருவென்று விழித்தான். அவனுக்குப் பின்னால், இடுப்புவரை சேறாக, தாண்டவராயர். அரசர் முறைத்தார். உதடு துடித்தது. பிறகு அடக்கமாட்டாமல் வெடித்துச் சிரித்தார்.

ஆவுடையான் சிரிக்கவில்லை.

"ஒரு ஆளுக்கு ரெண்டே கைதான், மகாராஜா. அந்தக் கை இங்கே மண் அள்ளினால் அங்கே சோறு வேகாது. கூலி கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி. இன்று இந்தக் குளத்தின் விலை தங்கள் காலைச் சாப்பாடு. பன்னிரண்டு நாளாக அதன் விலை முந்நூறு பேரின் நடவு. கொடுத்தது வேறொருவர் என்பதால் நமக்குச் செலவில்லாததுபோல் தெரிந்தது. தை மாதம் அவர்களுக்கு நெல்லில்லை. தங்களுக்கு அதில் வரியாக வரும் ஆறிலொரு பங்கும் இல்லை."

சிரிப்பு மெல்ல அடங்கியது. பசித்த வயிற்றுக்கு அந்தக் கணக்கு சுலபமாகப் புரிந்தது.

"சரி," என்றார் அரசர். "இனி வெட்டி கிடையாது. குளம் வெட்டுகிறவனுக்கு நாளுக்கு ஒரு மரக்கால் நெல் கூலி, உழைத்த பன்னிரண்டு நாளுக்கும் சேர்த்து. பிரதானியாரே, மீதி வேலைக்கு எவ்வளவு ஆகும்?"

தாண்டவராயர் சேற்று விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டார். அவர் முகம் வெளுத்தது. "மகாராஜா... களஞ்சியத்தில் பாதி காலியாகிவிடும். யோசித்துப் பார்த்தால், நாலு அன்னத்துக்கு இவ்வளவு பெரிய குளம் எதற்கு? மண்டபத்து ஓரமாக ஒரு தொட்டி கட்டினால்..."

அரசர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, அன்று பொழுது சாயும்வரை சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி ஆவுடையானுக்குப் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்!" என்றார்.

"விதைநெல் வேண்டும், மகாராஜா. நாற்று முற்றிப்போனவர்களுக்குக் குறுகிய காலப் பயிர் விதைக்க. இன்றே வேண்டும்."

கொடுத்தார். அன்னங்களுக்குத் தொட்டியே போதும் என்றும் சொல்லிவிட்டார். விதைநெல் மூட்டைகளை வயல்வரை சுமந்தவர்கள் பல்லக்குத் தூக்கிகள். அந்த முறை கூலி வாங்கிக்கொண்டுதான் சுமந்தார்கள். பூவாத்தாவால் தன் மூன்று வயலில் இரண்டில்தான் விதைக்க முடிந்தது. மற்றது தரிசாகவே கிடந்தது. அரசர் அந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆவுடையானுக்குக் கோபம் ஆறுவதற்குத் தை அறுவடை வரை ஆயிற்று.