மேயாமல் அசைபோட முடியுமா?

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் மிராசுதார் தாண்டவராயர்தான். கூலியாகப் பேசிய கிடாரிக் கன்றைத் தராமலே என்னை மாடு மேய்க்க வைத்தார்.

அவர் மகள் கல்யாணத்தன்று, பந்தி போடும் நேரத்தில் போய்க் கேட்டேன். சம்பந்தி முன்னால் கேட்டதில் அவருக்கு ஆத்திரம்.

"யோசிக்கிறதை ஏன்டா அசைபோடுறதுன்னு சொல்றாங்க? இப்பவே சொன்னா கன்னு உனக்கு. தெரியலைன்னா ஊரை விட்டே ஓடிடணும்."

"அதை அசைபோட்டுத்தாங்க சொல்லணும்."

"போடுடா!"

"மேயாத மாடு எதை அசைபோடும், எசமான்?"

சம்பந்தி சிரித்துவிட்டார். வேலையாட்களுக்குக் கடைசிப் பந்திதான் வழக்கம். அன்று எனக்கு முதல் பந்தியிலேயே இலை போட்டார்கள். பாயசம்வரை சாப்பிட்டுவிட்டு, பந்தல் நிழலில் கண்ணை மூடிப் படுத்தேன்.

"பதில் எங்கேடா?" என்று கத்தினார் தாண்டவராயர்.

"இதுதாங்க பதில். மாடு அவசரமா மேஞ்சுட்டு, அப்புறம் நிழல்ல படுத்து, உள்ளே போனதை வாய்க்குக் கொண்டுவந்து நிதானமா மெல்லும். மனுஷன் கேட்டதை மனசுல அப்படி மெல்றதுதான் யோசனை. விரட்டினா ரெண்டும் நடக்காது."

"கன்றைக் கொடுத்துவிடுங்கள்" என்றார் சம்பந்தி. தாண்டவராயரும் தலையாட்டினார்.

அன்று வயிறு குளிர்ந்தது வாஸ்தவம்தான். ஆனால் தலையாட்டியதோடு சரி; அந்தக் கன்று இன்றும் அவர் கொட்டகையில்தான் நிற்கிறது. இரண்டு முறை ஈன்றும் விட்டது. தாயும் கன்றுகளும் எனக்குச் சேரவேண்டியவை.