செவலை கொத்திய சுவர்

அந்தக் காலத்தில் கோழியும் பேசும், பருந்தும் பேசும், மனுசரும் நின்று அதுகளுக்குப் பதில் சொல்வார்கள். கடலோரத்து ஊர் ஒன்றில் அப்போது மாதாவுக்கு ஓலைக் கோயில்தான். மழை வந்தால் பூசை வைக்கிற சாமியார் தலையிலும் சொட்டும், முழந்தாள் போட்டிருக்கிறவர்கள் தலையிலும் சொட்டும். அந்த ஊருக்கு, சாமியார்களுக்கெல்லாம் தலைவரான ஆயர் வரப்போகிறார் என்று சேதி வந்தது. ஆயர் வந்து உட்காருகிற கோயில் ஓலையில் இருக்கலாமா? பேராலயம் கட்டுவது என்று முடிவானது.

சாமியாருக்குக் கைத்துணையாகக் கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் இஞ்ஞாசிதான் சாந்துக்குச் சாமான் சேர்க்கக் கிளம்பினார். கடல் கிளிஞ்சல் கொடுத்தது. பனை பதநீர் கொடுத்தது. கடுக்காய் மரம் காயை உதிர்த்தது. தூண் மினுமினுக்க வேண்டுமென்றால் முட்டை வெள்ளைக்கருவை ஊற்றி அரைக்க வேண்டும். அதற்காகச் செவலை என்கிற பெட்டைக்கோழியின் முன்னால் வந்து நின்றார்.

"முட்டை கொடு தாயி. கோயிலுக்குத்தானே கேக்கிறேன்."

"குடுத்துட்டு நான் எதை அடைகாக்கிறது உபதேசியாரே? பொரிச்ச குஞ்சையெல்லாம் பருந்து தூக்கிட்டுப் போறான். முட்டையை நீங்க தூக்கிட்டுப் போனா எனக்கு என்ன இருக்கு?"

"அதுக்குத்தான் சொல்றேன். கோயில் எழும்பட்டும். பருந்து வட்டம் போட்டா குஞ்சைக் கூட்டிக்கிட்டு உள்ளே ஓடி வந்திரு. உனக்கு அந்தக் கதவு எப்பவும் திறந்திருக்கும். மாதா மேல சத்தியம்."

மாதா பேரைச் சொன்னதும் செவலைக்கு மனசு இளகிப்போயிற்று. மாதாவும் பிள்ளை பெற்றவள்தானே என்று நினைத்தாள். இட்டதையெல்லாம் கொடுத்தாள். இட்ட சூடு ஆறுமுன்னே எடுத்துக்கொண்டு போனார்கள். வெறும் வைக்கோலின் மேல் உட்கார்ந்து அடைகாத்தாள், எழுந்து பார்த்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அங்கே தூண்கள் எழும்பி நின்றன. முகம் பார்த்துத் தலை சீவலாம் போல இருக்கிறது என்று ஊரே பேசியது. செவலைக்கு அதில் முகம் தெரியவில்லை, முட்டைதான் தெரிந்தது.

சாந்து வேலை முடிந்த பிறகு இட்டதில் ஒன்று நிலைத்து, ஒரே ஒரு குஞ்சு பொரித்தது. அதைச் சிறகுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

கோயிலைப் புனிதப்படுத்தித் திறக்கிற அர்ச்சிப்பு நாள் வந்தது. அன்றைக்கு ஒரு முறை உண்டு. கதவை உள்ளே இருந்து ஒருவர் சாத்திக்கொள்வார். ஆயர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே கோயிலைச் சுற்றி வந்து, செங்கோலால் கதவைத் தட்டுவார். அப்போதுதான் திறக்க வேண்டும். உள்ளே நின்றது இஞ்ஞாசி.

ஆயரும் சனமும் கோயிலுக்குப் பின்னால் பாடிக்கொண்டு போன நேரம். வாசலில் நிழல் ஒன்று சுற்றியது. செவலை அண்ணாந்து பார்த்தாள். பருந்து! குஞ்சைத் தள்ளிக்கொண்டு படியேறி ஓடி, அலகால் கதவைத் தட்டினாள்.

"யாரது?"

"நாந்தான், செவலை! பருந்து வந்துட்டான், கதவைத் திறங்க!"

"இப்போ திறக்கக் கூடாது தாயி. ஆயர் சாமி செங்கோலால தட்டினாத்தான் திறக்கணும். முறை."

"மாதா மேல சத்தியம் பண்ணினீங்களே, அது எந்த முறையில சேர்த்தி?"

"கொஞ்சம் பொறு. இந்தா, சுத்தி வந்துடுவாங்க."

"பருந்து பொறுப்பானாடா, பாவி!"

கதவோடு குஞ்சை அணைத்துச் சிறகை விரித்தாள். பருந்து அவள் முதுகைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. கீச்சென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். படியில் பஞ்சு போல இரண்டு இறகு கிடந்தது.

ஆயர் சுற்றி வந்தார். செங்கோலால் தட்டினார். சத்தம் அடங்குமுன்னே கதவு ஆவென்று திறந்தது. மணி அடித்தார்கள், பாட்டு எடுத்தார்கள். செவலை அழவில்லை. எல்லார் காலுக்குள்ளும் புகுந்து முதல் ஆளாக உள்ளே போனாள். ஆயர் எண்ணெய் பூசுவதற்காகச் சிலுவை வரைந்து வைத்திருந்த தூணில் தாவித் தாவிக் கொத்தினாள். கொத்தக் கொத்தச் சாந்து பெயர்ந்தது.

"ச்சூ, ச்சூ! கோழிக்குக் கோயில்ல என்ன வேலை?" என்று இஞ்ஞாசி துண்டை வீசினார்.

"உங்க சீடர் இராயப்பர் ஆண்டவரைத் தெரியாதுன்னு பொய் சொன்னப்போ கூவி அழ வச்சது எங்க சேவல்தான். அன்னிக்கு வேலை இருந்துச்சு, இன்னிக்கு இல்லையோ? உனக்கும் ஒரு சேவல் கூவணும்டா!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் முதுகில் இரத்தத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

ஆயர் கட்டைவிரலில் எண்ணெயோடு வந்தார். பூச வேண்டிய இடத்தில் சாந்து இல்லை, செங்கல்தான் இருந்தது.

"என்னம்மா செய்யிற?"

"இதுக்குள்ள என் பிள்ளைங்க இருக்கு சாமி. தேடுறேன்."

நடந்ததையெல்லாம் கொட்டினாள். ஆயர் திரும்பிப் பார்த்தார். "நிசமா இஞ்ஞாசி?"

"நிசந்தான் சாமி. ஆனா முறைன்னு..."

"தாழ்ப்பாள் உன் கையிலதானே இருந்துச்சு?"

ஆயர் அந்த வெறும் செங்கல்லிலேயே எண்ணெயைப் பூசினார். "இனி இவளை யாரும் விரட்டக் கூடாது. செவலை, இது உன் வீடு. உள்ளேயே இரும்மா" என்றார்.

"இப்போ எதுக்கு எனக்குக் கதவு?" என்றாள் செவலை. அவள் கழுத்து மயிர் சிலிர்த்து நின்றது. "வீடும் வேணாம், நிழலும் வேணாம். குடுத்ததைத் திருப்பிக் குடுங்க. குடுக்கிற வரைக்கும் கொத்துவேன். இனிமே நான் பொரிக்கிறதும் கொத்தும், அது பொரிக்கிறதும் கொத்தும்."

சொல்லிவிட்டு வெளியே இறங்கி, புறச்சுவரில் கொத்த ஆரம்பித்தாள்.

அந்த அர்ச்சிப்பு நாளில் பிடித்ததுதான், இன்னும் விடவில்லை. திருவிழாவுக்குச் சுண்ணாம்பு அடித்து ஈரம் காயுமுன்னே கோழிகள் கோயில் சுவரோரம் வந்துவிடும். உபதேசியார்கள் பார்த்தும் பாராத மாதிரி போய்விடுவார்கள். முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டும், அதற்குத்தான் கொத்துகிறது என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். பக்கத்தில் போய் அதன் கண்ணைப் பாருங்கள். பசித்துக் கொத்துகிற கண் அப்படிச் சிவந்திருக்காது.