அகனேதா எழுந்து நின்ன ஞாயித்துக்கிழமை

கண்ணுக்கு எட்டின வரைக்கும் கோதுமை, பேருக்குக்கூட மரம் கிடையாது, அப்படி ஒரு ஊர்ல அகனேதான்னு ஒரு அம்மா இருந்தா. கனடா தேசம். மெனோனைட்டுன்னு ஒரு கிறிஸ்தவக் கூட்டம் அங்க குடியிருந்துது. பட்டாளத்துக்குப் போக மாட்டாங்க. யாரையும் கை நீட்டி அடிக்க மாட்டாங்க. கேக்கறியா? ம் சொல்லு.

அப்போ, பக்கத்து வீட்டு யுஸ்தீனாவோட மாடு ஒரு நாள் வேலிய மடமடன்னு முறிச்சுக்கிட்டு வந்து, அகனேதா போட்டிருந்த தர்பூசணிக் கொடியெல்லாம் கறுக் முறுக்குன்னு தின்னுடுச்சு. அகனேதாவுக்குக் கோவம். கோயில் வாசல்ல, அத்தனை பேர் காதுலயும் விழற மாதிரி சொல்லிட்டா: "பிள்ளை பெத்து வளர்த்திருந்தா மாடு வளர்க்கவும் தெரிஞ்சிருக்கும்."

யுஸ்தீனாவுக்குப் பிள்ளை இல்ல. அவ தலைத்துணிய இறுக்கிக் கட்டிக்கிட்டு வண்டியில ஏறிப் போயிட்டா. அன்னையிலேர்ந்து பேச்சுவார்த்தை கிடையாது.

அப்புறம் குளிர் ஆரம்பிக்கற சமயம், திருவிருந்து வந்துது. வருஷத்துல ரெண்டே தடவைதான் அப்பமும் திராட்சை ரசமும் குடுப்பாங்க. அதுக்கு முன்னால ஒருத்தர் காலை ஒருத்தர் கழுவி விடணும். ஊருக்குள்ள யாருக்காவது மனஸ்தாபம்னா, அது தீர்ற வரைக்கும் யாருக்குமே கிடையாது. அதனால சபை மூப்பர் டிர்க் திருவிருந்தத் தள்ளி வெச்சுட்டார். ரெண்டு பேருக்காக ஊரே காத்துக்கிட்டிருந்துது. அதுல கொர்னேலியஸ்னு ஒரு தாத்தா, படுத்த படுக்கை. இந்தத் தடவை விட்டா எனக்கு இன்னொரு தடவை இல்லன்னு அவரே சொன்னாராம்.

தூங்கிட்டியா? ம்.

அப்போ அகனேதா ஒரு ரொட்டி சுட்டு மககிட்ட குடுத்து விட்டா. ரொட்டி சூடு ஆறறதுக்குள்ள திரும்பி வந்துது. அப்புறம் சுத்தியலத் தூக்கிக்கிட்டுப் போய், டொக் டொக்குன்னு வேலியத் தானே சரி பண்ணினா. யுஸ்தீனா ஜன்னல் திரைய இழுத்து விட்டுட்டா. மூணாவதா, நேராவே போய்க் கதவத் தட்டி, நான் சொன்னது தப்பு, மன்னிச்சுடுன்னு கேட்டா.

யுஸ்தீனா அடுப்பப் பார்த்தபடியே சொன்னா: "சொன்னது ஊருக்கு முன்னால. மன்னிப்பு மட்டும் என் அடுப்படியிலயா?"

அந்தக் கோயில்ல பொம்பளைங்க பாடலாம், பேசக் கூடாது. அகனேதா நாலு நாள் சரியாச் சாப்பிடல. புருஷன் கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னுட்டா.

ஞாயித்துக்கிழமை பாட்டு முடிஞ்சுது. மூப்பர் வாயத் திறக்கறதுக்குள்ள பெஞ்சு கிறீச்சுன்னுது. அகனேதா எழுந்து நின்னா. ஆம்பளைங்க பக்கம் யாரோ இருமினாங்க. மூப்பர் உட்காரச் சொல்லிக் கையத் தூக்கினார். அப்புறம் என்ன நினைச்சாரோ, இறக்கிட்டார்.

"யுஸ்தீனாவுக்குப் பிள்ளை இல்லாதத நான் குத்திக் காட்டினேன்"னு சொன்னா. "மாடு தின்னது கொடியத்தான். நான் பேசினதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. வலிக்கணும்னுதான் பேசினேன்."

யுஸ்தீனா குனிஞ்சு, சரக் சரக்குன்னு பூட்ஸ் கயித்த அவுத்தா.

மூப்பர் தண்ணித் தொட்டியக் கொண்டு வரச் சொன்னார். சளக், சளக். அகனேதா அவ காலைக் கழுவித் துடைச்சா. அப்புறம் அவ இவ காலை. அன்னைக்கே அப்பம் குடுத்தாங்க. தாத்தாவுக்கு மூப்பரே வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனார். தாத்தா வாங்கித் தின்னார். புதன்கிழமை போய்ச் சேர்ந்தார்.

ரெண்டு பேரும் உசிருக்கு உசிரா ஆயிட்டாங்களா? அதெல்லாம் இல்ல. ஆனா அன்னைக்கு வண்டியில ஏறும்போது யுஸ்தீனா, முகத்தப் பார்க்காமதான், சொன்னா: "தண்ணி ஜில்லுன்னு இருந்துது. அடுத்த தடவை கொஞ்சம் சுட வெச்சுக் கொண்டா."

சரின்னா அகனேதா.

கதை இத்தோட நின்னுடுச்சு. நீயும் கண்ண மூடிக்கோ.