கை கட்டிய கணக்கு

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் உத்தரவு அதிகமாகவும் இருந்த காலத்தில், ஓர் அரசருக்கு விசித்திரமான ஆசை வந்தது. ஐந்து வயது மகள் தேமொழி விரலைத் தொடாமல் மனத்தாலேயே கணக்குப் போட வேண்டுமாம்! "இந்த அரண்மனையில் விரல்விட்டு எண்ணுபவர் எவராயினும் கைகளைக் கட்டிவிடுக" என்று ஆணை பிறப்பித்தார். அப்படித் தூபம் போட்டவர் அவளுடைய ஆசிரியர் ஆலவாய்ப் பண்டிதர்.

மறுநாள் காலை விகடகவி சேந்தன் சபைக்கு வந்தான். கைகள் பட்டுத்துணியால் கட்டப்பட்டு, குழந்தை விம்மிக்கொண்டிருந்தாள்.

"இரண்டும் மூன்றும் எத்தனை என்று சொல்லும்வரை அவிழ்க்க மாட்டேன்" என்றார் பண்டிதர்.

"குழந்தையைக் கட்டிப்போட்டா பாடம்? நீரெல்லாம் ஒரு வாத்தியாரா?" என்று சீறினான் சேந்தன். "அரசே, இது அநியாயம். தாங்களே சொல்லியிருந்தாலும் அநியாயம்தான்."

அரசர் சேந்தன்மேல் வைத்திருந்த பிரியத்தைக் கண்டு நெடுநாளாகப் புழுங்கிய பண்டிதருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

"அப்படியானால் கையை அவிழ்க்காமல் நீரே கற்பியும், பார்க்கலாம்!"

"அதுவே நம் கட்டளை" என்றார் அரசர் கோபமாக. "உச்சிவேளைக்குள் இவள் விடை சொல்லாவிட்டால் நீ நாட்டைவிட்டே போய்விட வேண்டும்."

"ஆகட்டும் அரசே. அதற்கு முன் ஒரு சந்தேகம். இன்று ரோகிணி. தங்கள் பிறந்த நட்சத்திரமான உத்திரத்துக்கு இன்னும் எத்தனை நாள்? யாராவது சொல்லுங்களேன்."

இது ஒரு பெரிய கேள்வியா? ஒருபுறம் இருந்த இரண்டு அமைச்சர்களும் "மிருகசீரிடம், திருவாதிரை" என்று முணுமுணுத்தார்கள். கட்டைவிரல்கள் விரல் கணுக்களில் கிடுகிடுவென்று ஏறின. எதிர்ப்புறம் தளபதி, புரோகிதர், பண்டிதர் மூவருக்கும் அப்படியே. அரசரின் கட்டைவிரலும் சும்மா இருக்கவில்லை. நட்சத்திரம் என்றால் நம்மவர் கை தானாக ஓடுமே!

"காவலர்களே, பட்டுத்துணி!" என்று கத்தினான் சேந்தன். "அரசாணைப்படி எல்லார் கையையும் கட்டுங்கள்!"

பண்டிதர் சட்டென்று கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"வசதியாகப் போயிற்று, அங்கேயே கட்டுங்கள்" என்றான் சேந்தன்.

அரசர் முறைத்தார். சேந்தன் அசையவில்லை. "மகளுக்கு ஒரு சட்டம், தங்களுக்கு ஒரு சட்டமா அரசே?"

அரசர் கையை நீட்டினார்.

"கண்ணம்மா, எத்தனை பேர் மாட்டியிருக்காங்க, எண்ணுங்க பார்க்கலாம்" என்றான் சேந்தன்.

தேமொழி அழுகையை மறந்தாள். கை இல்லாவிட்டால் என்ன? ஒவ்வொருவர் முன்னாலும் நின்று மோவாயை நீட்டி எண்ணினாள்.

"இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் மூணு... அஞ்சு! அப்பாவையும் சேர்த்தா ஆறு!"

"விடை வந்துவிட்டது" என்று சேந்தன் அவள் கட்டை அவிழ்த்தான்.

"என் கட்டையும் அவிழ்த்துவிடம்மா" என்றார் அரசர்.

"ஊகூம். ஏழும் ஆறும் எத்தனைன்னு சொல்லுங்க, அப்புறம்தான்."

"விரல் இல்லாமல் எப்படியம்மா..." என்று தொடங்கிய அரசர் அப்படியே நிறுத்தினார். அவருக்கே வெட்கமாகிவிட்டது. பிறகு அரியணை குலுங்கச் சிரித்தார். ஆணை அந்தக் கணமே ரத்தானது. மகள் கட்டை அவிழ்த்துவிட்டதும் தம் முத்துமாலையைக் கழற்றிச் சேந்தன் கழுத்தில் போட்டார்.

"என் கதி, மகாராஜா?" என்றார் பண்டிதர்.

"உம்மை உம் மாணவிதான் அவிழ்த்துவிட வேண்டும்."

அவளோ அதற்குள் விளையாட ஓடிவிட்டாள்.