இரண்டாவது டம்ளர்

பி.காம். படிக்கிற ஜெஸிந்தா துணைப்பாடமாகக் குற்ற உளவியல் எடுத்திருந்தாள். அந்த வகுப்பில் பேச வந்த ரிட்டயர்டு டி.எஸ்.பி. அரவாழி மீசையை நீவிக்கொண்டே அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“கணக்குப் போடுற பிள்ளைக்கு எதுக்கும்மா கொலைகாரன் மனசு? எங்கே, என் வாயிலேர்ந்து ஒரு உண்மையை வரவழை பார்ப்போம். முடியலேன்னா இந்தப் பாடத்தையே மூடச் சொல்லிருவேன்.”

ஜெஸிந்தா இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். மற்றதை அவர் பக்கத்திலிருந்த காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

“இது யாருக்கு?” என்றார் அரவாழி.

“உங்ககூட வந்தவருக்கு, சார். ரொம்ப நேரமா தண்ணி கேட்டுக்கிட்டே இருக்காரு.”

மீசையிலிருந்த கை கீழே இறங்கியது. நாற்காலிப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

“இசக்கிமுத்துவா? அவன்தான் லாக்கப்லயே செத்துட்டானே! தண்ணி குடுக்காதீங்கன்னு நான்தான்…” சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

“நான் பேரே சொல்லலையே, சார். காலி நாற்காலியைக் காட்டினா, மனசுல இருக்கிற ஆளை அவங்களே உட்கார வெச்சுக்குவாங்கன்னு பாடத்துல படிச்சோம்.”

அரவாழி விறுவிறுவென்று வெளியேறினார். சிரித்துக்கொண்டே டம்ளர்களை எடுக்கப் போன ஜெஸிந்தாவின் கை பாதியில் நின்றது. அவருடைய டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது. மற்றதில் ஒரு சொட்டுகூட இல்லை.