யார் முதலில் ஆடுவது

கிளப்பை மூடிய பிறகு, இருட்டில் பூல் மேஜைப் பக்கமிருந்து தினமும் ஒரு சத்தம் வரும். ஒரே ஒரு ‘டொக்’, பந்து மெல்ல உருளும் ஓசை, அப்புறம் ஒன்றுமில்லை. பேய் என்றார் வாட்ச்மேன். ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

கிளப்பைப் பெருக்கும் செலஸ்டீனா கைக்குழந்தையோடு பின்னறையில் குடியிருந்தாள். அந்தக் கதவுக்கு வெளியே மட்டும்தான் தாழ்ப்பாள். உள்ளேயும் ஒன்று வேண்டுமென்று மெம்பர்கள் முன்னால் கேட்டாள்.

“பூல்ல என்னை ஜெயிச்சிடு, மாட்டித் தர்றேன்,” என்றார் செக்ரெட்டரி ராஜரத்தினம். மாவட்ட சாம்பியன். எல்லோரும் சிரித்தார்கள்.

“முழு ஆட்டம் எனக்கெங்க சார் தெரியும்? யார் முதல்ல ஆடுறதுன்னு பார்க்க ஒரு அடி அடிப்பீங்களே, அது போதும். எதிர் ஓரத்தைத் தொட்டுத் திரும்பி, யார் பந்து இந்த ஓரத்துக்குக் கிட்ட நிக்குதோ அவங்க ஜெயிச்சாங்க.”

“அடிச்சிட்டாப் போச்சு.”

அவர் பந்து திரும்பி வந்து ஓரத்தில் மோதி, ஒரு முழம் தள்ளி நின்றது. அவள் பந்து ஓரத்துக்கு ஒரு விரல் முன்னால் அடங்கியது.

“இதைப் போய் யாரு பழகுவா?” என்றார் ராஜரத்தினம்.

“நான்தான் சார். நீங்க என் கதவைத் தள்ளிப் பார்க்குற ராத்திரியெல்லாம் பிள்ளையோட இங்கதான் ஒளிஞ்சிருந்தேன். ரெண்டு பந்து மோதினா பிள்ளை முழிச்சுக்கும். அதான், இந்த ஒரு அடி மட்டும்.”

மெம்பர்கள் தத்தம் கிளாஸைப் பார்த்துக்கொண்டார்கள். அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் தச்சர் வந்துபோனார். அன்று ராத்திரியும் காலடிச் சத்தம் வந்தது. அது வாசலை எட்டுமுன் செலஸ்டீனா உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.